ஜெபத்தில் மூடாத கண்கள்

முந்திரி வறுக்கும் புகை மூக்கில் ஏறினால், உடையார்பாளையம் பக்கத்து அந்த முற்றம் இன்றும் திரும்பி வந்துவிடுகிறது. 1998. நானும் என் வயதுக்காரி ரூத்தும் சபையிலிருந்து வீடு வீடாக ஜெபிக்கப் போவோம். அவள் ஜெபத்தில் கண்ணை மூட மாட்டாள். "தூங்கிடுவேன்னு பயமாடி?" என்று கிண்டலடிப்பேன்.

அன்று வீட்டுக்காரம்மா வறுசட்டியை அடுப்பிலும் குழந்தையைத் தரையிலும் விட்டு, முக்காடிட்டு வந்து நின்றார். என் வார்த்தைகளில் நானே மயங்கி நீட்டிக்கொண்டே போனேன். திடீரென்று ரூத்தின் அலறல். அடுப்புவரை தவழ்ந்துவிட்ட குழந்தை அவள் கையில் இருந்தது.

இப்போதெல்லாம் அடுப்பை அணைக்கச் சொன்ன பிறகே ஜெபிக்கிறேன்.

கல்யாணமாகிப் போன நாளில் அரியலூர் பஸ் ஜன்னலிலிருந்து ரூத் சொன்னாள்: "எனக்காக ஜெபம் பண்ணுடி. கண்ணத் தொறந்துக்கிட்டே பண்ணு."