உதட்டுக் கொப்புளமும் இச்சு அத்தையும்

இச்சு என்பது அவள் பெயரல்ல. எந்தக் குழந்தையைக் கண்டாலும் வாரியெடுத்து "இச்" என்று ஒன்று வைத்துவிடுவாள். தெருவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. கார் சீட்டுக்கு உறை தைக்கும் பட்டறையில் வேலை. கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லவும் மெனக்கெட்டதில்லை.

அண்ணனுக்குப் பல வருடம் கழித்து மகள் பிறந்தாள். தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்த அன்று காலையில்தானா இச்சுவின் கீழுதட்டில் கொப்புளம் கிளம்ப வேண்டும்? முன்பும் வந்ததுதான். சூடு என்று சொல்லி விட்டுவிடுவாள்.

அண்ணி வாசலிலேயே மறித்தாள். "அங்கயே நில்லு. அது சூடு இல்ல, வைரஸ். காஞ்சு உதிர்ற வரைக்கும் பிள்ளைகிட்ட வராத."

"நான் என்ன பேயா அண்ணி?"

"பேயா இருந்தா விரட்டிடலாம். இது உள்ளயே குடியிருக்கும்."

டாக்டர் அண்ணிக்கு விவரமாகச் சொல்லியிருந்தார். சிறு வயதில் யாரோ கொஞ்சியபோது உதட்டு வழியே புகுந்திருக்கும். நரம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிடும். உடம்பு தளர்ந்தால் எழுந்து, வந்த வழியே உதட்டுக்குத் திரும்பும். பெரியவர்களுக்கு எரிச்சலோடு போய்விடும். பிறந்த குழந்தையின் உடம்புக்கு எதிர்த்து நிற்க இன்னும் தெரியாது. வாயிலோ கண்ணிலோ பட்டால் மூளை வரை போய்விடலாம்.

இச்சு ஒரு பாட்டம் அழுதாள். மறுநாள் ரெக்சினில் முகக்கவசம் தைத்து மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"அடியே, நீ ஆளா, ஆட்டோ சீட்டா?" என்றான் அண்ணன்.

அண்ணி குளிக்கப் போனதும் அவன் மனம் இளகியது. "வாயத்தான் மூடியிருக்கியே. கையக் கழுவிட்டு ஒரு நிமிஷம் தூக்கிக்க. அவ வர்றதுக்குள்ள குடுத்துடு."

முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். அண்ணன் குழந்தையை நீட்டினான். நூல் நுனியை முறுக்க விரலை உதட்டில் நனைத்து நனைத்துப் பழகியவள் அவள். மனம் பரபரத்தாலும் விரல் அங்கேதான் போகும். இப்போதும் போயிருந்தது. ரெக்சினுக்கு அடியில், கொப்புளத்தின் மேல். சட்டென்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அண்ணி! சீக்கிரம் வாங்க! உங்க வீட்டுக்காரர் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கறார்!"

அண்ணி தலை சொட்டச் சொட்ட ஓடிவந்தாள். அண்ணன் திருதிருவென்று விழித்தான்.

"எனக்கே தெரியாம விரல் உதட்டுக்குப் போயிடுச்சு அண்ணி. பிள்ளையத் தொடல."

அண்ணி குழந்தையை வாங்கிக்கொண்டு அறையின் மறுகோடியில் போய் உட்கார்ந்தாள். அதன் முகத்தை இச்சுவின் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

"அங்கேருந்தே கொஞ்சு. எவ்வளவு வேணாலும்."

குழந்தை கொட்டாவி விட்டது. இச்சு ஆரம்பித்தாள். அண்ணியின் தலை காயும்வரை நிறுத்தவில்லை.