சுண்டல் தின்ற ரேடியோ

எங்கள் குடும்பம் மலாயாவிலேயே தங்கிப்போனதற்கு நான்தான் காரணம் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். நானும் ஒரு பிடி கொண்டைக்கடலைச் சுண்டலும்.

அது மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருடம். மலாக்காவின் காஜா பேராங்கில், கம்போங் செட்டிக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் வாடகை வீடு. எனக்கு ஏழு வயது. அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அம்மா மலாக்காவிலேயே பிறந்தவள். இந்தியாவைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. தினமும் சாயங்காலம் அப்பா ரேடியோவைச் சிற்றலைக்குத் திருப்பி, இரைச்சலுக்கு நடுவே இந்திய நிலையத்து நாதஸ்வரத்தைத் தேடிப் பிடிப்பார். முடிந்ததும், "போதும், ஊருக்கே போயிடுவோம்" என்பார். அம்மா தைத்துக்கொண்டே இருப்பாள். அவள் வாங்கி வைத்த மலாயாக் குடியுரிமை விண்ணப்பப் பாரம், ரேடியோவுக்கு அடியில் விரித்த துணிக்குக் கீழே நிரப்பாமல் கிடந்தது. சரஸ்வதி பூசைக்கு அடுத்த வாரம் அப்பா, மாதக் கடைசியில் கப்பல் டிக்கெட் எடுத்துவிடுவதாகத் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

இரண்டு நாளில் சிற்றலை செத்துப்போனது. உள்ளூர் நிலையம் மட்டும் கணீரென்று பாடியது. அப்பா பெட்டியைத் தட்டினார், வெளியே கட்டியிருந்த ஏரியல் கம்பியை ஆட்டினார், பேட்டரியைத் திட்டினார். நானோ அந்தப் பெட்டிப் பக்கமே போகவில்லை. ஏனென்றால், சரஸ்வதி பூசையன்று அம்மாவின் தையல் கத்தரிக்கோல், அப்பாவின் பேனா, ரேடியோ எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து எதிரே சுண்டல் படைத்தார்கள். ஆனால் அந்தச் சுண்டலை நாங்களே தின்றுவிட்டோம். ரேடியோவுக்குள் பாடுகிறவர்களுக்கு யார் கொடுப்பது? பின்பக்கத்து ஓட்டைகள் வழியே ஒவ்வொரு கடலையாக நான்தான் உள்ளே போட்டேன்.

பக்கத்தில் தெங்கேராவில் ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்த மாமா, அம்மாவின் தம்பி, ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வந்தார். கேரியரில் ஒரு கனத்த தகரப் பெட்டியைக் கட்டியிருந்தார். முகப்பில் திருகும் குமிழும் இரண்டு முள்மானிகளும் வைத்து அவரே செய்த பவர் சப்ளை. எங்கள் வீட்டுக்கு மின்சாரம் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ரேடியோ அதற்கு முந்தைய காலத்துப் பேட்டரி ரேடியோ. மாமா பேட்டரியைக் கழற்றிவிட்டு, தன் பெட்டியிலிருந்து ரேடியோவுக்கு ஒயர் கொடுத்தார்.

"முதல்ல பேட்டரி குத்தமா, ரேடியோ குத்தமான்னு பிரிச்சுப் பாப்போம் மச்சான்" என்றார்.

குமிழை மெதுவாகத் திருகினார். உள்ளே எங்கேயாவது ஷார்ட் இருந்தால் கரண்ட் முள் ஒரேயடியாக எகிறுமாம். அது எகிறவில்லை, ஏற வேண்டிய இடம்வரை ஏறி நின்றது. உள்ளூர் நிலையம் பாடியது. சிற்றலைக்கு மாற்றினார். முள் அசையவில்லை, பாட்டும் வரவில்லை.

மாமா தலையைச் சொறிந்தார். "ரெண்டு பக்கமும் ஒரே அளவுதான் இழுக்குது. ஒரு பக்கம் பாடுது, ஒரு பக்கம் ஊமையா கெடக்கு. என்னா லா இது."

அப்பாவுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு மட்டும் விளங்கியதாக நினைத்தேன்: இந்தியாவிலிருந்து பாடுகிறவர்கள் என் சுண்டலைத் தின்று செத்துப்போயிருக்க வேண்டும். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மாமா பின்பலகையைக் கழற்றியதும் காய்ந்த கடலைகள் உருண்டு விழுந்தன. ஒரு கரப்பான்பூச்சியும் ஓடியது. அப்பா என்னைப் பார்த்த பார்வையில் நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தேன்.

மாமா டார்ச் அடித்து வெகுநேரம் உள்ளே குனிந்திருந்தார். பிறகு ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலைக் கரண்டில் சொருகினார். அது சூடேறியதும் கையில் எடுத்தார். எடுத்தவர், என்ன தோன்றியதோ, மறுபடி குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். மாமா சூட்டுக்கோலை எங்கும் தொடாமல் கீழே வைத்துவிட்டார்.

"பாப்பா போட்ட சுண்டலுக்குக் கரப்பான் வந்து சிற்றலைக் காயில் கம்பியைக் கடிச்சு அறுத்துருச்சு மச்சான். இந்தச் சாமான் இங்க கெடைக்காது. இனிமே நம்ம ஊரு ஸ்டேசன் மட்டுந்தான்."

நம்ம ஊரு என்று அவர் சொன்னது மலாயாவை. அப்பா என் முதுகில் இரண்டு வைத்தார். அப்புறம் வாசலில் போய் வெறுமனே உட்கார்ந்துகொண்டார். அடி வலித்ததைவிட, அவர் அப்படி உட்கார்ந்திருந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று சாயங்காலம், பூசையும் இல்லை ஒன்றும் இல்லை, அம்மா சுண்டல் செய்தாள். முதல் கிண்ணம் எனக்கு. தப்புச் செய்தவளுக்கு ஏன் இந்த உபசாரம் என்று புரியாமல் விழித்தேன். மாமா அம்மாவை நிமிர்ந்து பார்க்காமலே தின்று முடித்தார். அப்பா தொடவில்லை. மாதக் கடைசி வந்தது, போனது. அதற்குப் பிறகு ஒருநாள் அப்பா துணியைத் தூக்கிப் பாரத்தை எடுத்து, பேனா மூடியைத் திறந்தார். ரேடியோ ஒன்றே காரணம் என்று இன்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அப்போது, என் சுண்டலால்தான் அப்பா ஊரை இழந்தார் என்று உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தேன்.

பலகையை மூடுமுன் மாமாவின் டார்ச் வெளிச்சத்தில் அந்தக் கம்பியை நானும் பார்த்தேன். முடி போல மெல்லிய செப்புக் கம்பி, நடுவில் அறுந்திருந்தது. பூசைக்கு அடுத்த வாரம் அம்மா நூல் வெட்டும் கத்தரியோடு ரேடியோவுக்குப் பின்னால் ஒட்டடை எடுத்துக்கொண்டிருந்ததையும் பார்த்திருந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. ஒரு கரப்பான்பூச்சியால் இவ்வளவு நேராகக் கடிக்க முடியுமா என்றுதான் ஆச்சரியப்பட்டேன்.