ஃபிக்ஸட் கியரா, சிங்கிள் ஸ்பீடா?

இன்று ஜீவனஹள்ளி சைக்கிள் கடையில் எனக்கும் மகளுக்கும் வாக்குவாதம். கல்லூரி வளாகத்தில் ஓட்ட அவளுக்கு ஃபிக்ஸட் கியர்தான் வேண்டுமாம். அதில் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். காலுக்கு ஓய்வே இல்லை.

"சிங்கிள் ஸ்பீடு எடுத்துக்கோடி. இறக்கத்துல மிதிக்காம சும்மா உக்காந்துனு போலாம்."

"உனக்கு எப்டிம்மா தெரியும்?"

சின்ன வயதில் கோலார் தங்கவயலில் அப்பாவின் சைக்கிளில் தங்கையை ஏற்றிக்கொண்டு, சுரங்கத்து மண்மேட்டை ஒட்டிய இறக்கத்தில் இரண்டு காலையும் தூக்கியபடி கத்திக்கொண்டே போனதைச் சொன்னேன்.

"நீயா? கத்துனியா?"

கடைக்காரரிடம் சிங்கிள் ஸ்பீடு ஒன்றைக் கேட்டு வாங்கி, தெருச்சரிவில் விட்டேன். காலைத் தூக்கினேன். கத்தினேன். தங்கையின் கை இடுப்பைப் பிடித்திருப்பது போலவே இருந்தது.

திரும்பி வந்தால் மகள் சிரிக்கிறாள். "எனக்கு ஃபிக்ஸட்தான். அத நீ எடுத்துக்கோம்மா."

எடுத்துக்கொண்டேன். காக்ஸ் டவுன் பக்கம் போக்குவரத்து இல்லாத நல்ல இறக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.