வீடு மாறிய முக்காலி

அந்தப் பொம்மைக்கு முகம் இல்லை. தேயிலைச் சாக்கைத் தைத்து வைக்கோல் அடைத்து, இடுப்பில் சாரமும் மேலே நீலச் சட்டையும் உடுத்தி, கண்டியில் நாங்கள் படித்த சிறிய கல்லூரியின் பின்னறையில் கிடத்தியிருந்தார்கள். குற்றம் நடந்த இடத்தைப் பரிசோதிக்கும் பயிற்சிக்கு அதுதான் பிணம். மலைச்சரிவைப் பார்த்த அறை அது. பகல் பதினொரு மணிக்கும் சன்னலில் பனி அப்பியிருக்கும். பயிற்சி முடிந்ததும் பொம்மையைச் சட்டை விலகியபடி போட்டுவிட்டு வருவோம். அடுத்த சனிக்கிழமை போனால் கழுத்துப் பொத்தான் வரை ஒழுங்காகப் போட்டிருக்கும். யார் போட்டது என்று தெரியாமல் சில மாதம் அந்த அறைக்குள் தனியே போக எனக்குப் பிடிக்கவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். கொழும்பில் மூட்டை தூக்கினேன், கட்டார் நாட்டில் சுவர் பூசினேன், திரும்பி வந்து சாதாரண தரப் பரீட்சையைத் தனியாக எழுதித் தேறினேன். பல்லேகலையில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் நின்றபோது, குற்றவியல் நீதி டிப்ளோமா இருந்தால் பாதுகாப்பு உத்தியோகத்தராகலாம் என்றார்கள். சனிக்கிழமை வகுப்பு, இரண்டு வருடம். தமிழ் வகுப்பில் பதினொரு பேர் இருந்தோம். பதவி உயர்வு தேடிய பொலிஸ்காரர்கள், சிறைக் காவலர்கள், நான், அப்புறம் பன்விலத் தோட்டத்திலிருந்து வந்த அக்கா.

அக்காவுக்கு நாற்பதுக்கு மேல். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்க்கும் வேலை. முதல் பஸ்ஸில் வந்து முன் வரிசையில் உட்காருவார். சாட்சியம் என்றாலும் சிறைச்சட்டம் என்றாலும் கடைசியில் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: “கையெழுத்து வச்ச வாக்குமூலத்த மாத்த முடியுமா சேர்?”

“அக்கா, யாரையும் கொன்னுட்டு வந்தீங்களா?” என்பார் கொன்ஸ்டபிள் ஒருவர்.

“இன்னும் இல்ல தம்பி. பக்கத்துலயே ஒக்காருங்க, பாப்போம்” என்பார் அக்கா. எல்லோரும் சிரிப்போம்.

ஒருநாள் பேனாவை மறந்து திரும்பிப் போனபோது, பின்னறையில் அவர் பொம்மையின் பக்கத்தில் மண்டியிட்டுப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கூச்சப்படவில்லை. அவருடைய தம்பி தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் தூக்கில் இறந்ததை அன்றுதான் சொன்னார். அப்போது அக்காவுக்கு வயது இருபது. தோட்டத்தில் பொழுது சாய்வதற்குள் அடக்கம் செய்துவிட வேண்டும். பொலிஸ் சிங்களத்தில் எழுதி நீட்டிய காகிதத்தை அவரால் வாசிக்க முடியவில்லை. “வையி புள்ள, அப்பத்தான் பொணத்தக் குடுப்பாங்க” என்று தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சொன்னார். வைத்தார். தம்பி தானாகச் சாகவில்லை என்று பின்னால் சொன்னபோது அவருடைய கையெழுத்தையே அவருக்குக் காட்டினார்கள். அதை வாசிப்பதற்காகவே சிங்களம் படித்தார். நீதிமன்றத்தில் எடுத்த பிரதி எப்போதும் அவர் பையில் இருந்தது.

கடைசிப் பரீட்சை அந்தப் பின்னறையில்தான் நடந்தது. விரிவுரையாளர் ஓய்வுபெற்ற பொலிஸ் அதிகாரி. பெயர்களை மறைத்த பழைய கோப்பு ஒன்றின்படி அறையை லயத்து வீடாக மாற்றியிருந்தார்: அடுப்பு, குப்பி விளக்கு, கவிழ்ந்த முக்காலி, தரையில் பொம்மை. ஆளுக்கொரு தாளும் தந்தார். அதில் இறந்தவரின் அக்காவின் வாக்குமூலம் சிங்களத்திலும் தமிழிலும் இருந்தது. ‘தம்பி சில நாட்களாக யாருடனும் பேசவில்லை. அடுப்படியில் இருந்த குப்பி விளக்கும் முக்காலியும் எங்களுடையவை. எனக்கு எவர் மீதும் சந்தேகமில்லை.’

நாங்கள் நாடாவால் அளந்துகொண்டிருந்தோம். அக்கா வாசலிலேயே நின்றார்.

“எங்க வீட்ல முக்காலியே இல்ல சேர்.”

“இது உங்க வீடு இல்லம்மா. கம்பளைப் பக்கத்துக் கேஸ்.”

அக்கா பையிலிருந்து தன் பிரதியை எடுத்து, தாளுக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தார். பொலிஸ்காரர்கள் சேர்ந்து குனிந்து பார்த்தார்கள். வேறு ஊர், வேறு வருடம், வேறு தம்பி. வாக்குமூலம் ஒரு சொல் பிசகாமல் அதேதான். அதே விளக்கு, அதே முக்காலி. யாரோ எழுதி வைத்த வீடு ஒன்று ஊர் ஊராகப் போயிருக்கிறது. போன இடத்தில் ஒருவன் செத்துக் கிடந்தான். தரையில் கிடந்த முக்காலியைத் தாண்ட அதன்பிறகு ஒருவருக்கும் கால் எழவில்லை.

விரிவுரையாளர் இரண்டு காகிதங்களையும் மாறி மாறி வாசித்தார். பிறகு, “தாளை விடையோட கட்டிக் குடுக்கணும். குடுக்காட்டி பரீட்சையில சித்தியில்ல” என்றார். குரல் பழையபடி இல்லை.

அக்கா விடை எழுதவில்லை. வெறுந்தாள் ஒன்றில், இந்த வாக்குமூலம் இன்று வகுப்பில் எங்களுக்குத் தரப்பட்டது என்று நாலு வரி எழுதி, சாட்சிக்குக் கையெழுத்துக் கேட்டு ஒவ்வொருவரிடமும் போனார். இரண்டு வருடம் சாட்சியம் படித்தவர்கள் நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் என்னிடம் வந்தார். “அவசரம் இல்ல தம்பி. படிச்சிட்டு வைங்க.”

படித்தேன். எழுத்துப் பிழைகூட இல்லை. விரிவுரையாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்து வைக்காமல் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அக்கா தன் பிரதியையும் பரீட்சைத் தாளையும் நாலு வரிக் காகிதத்தையும் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். ‘தற்கொலை’ என்று எழுதியவர்கள் எல்லோரும் சித்தியடைந்தோம்.

வேலை உயர்ந்தது. தொழிற்சாலையில் ஏதாவது நடந்தால் வாக்குமூலம் எழுதுகிறவன் இப்போது நான்தான். எழுதியதை வாசித்துக் காட்டாமல் யாரிடமும் கையெழுத்து வாங்குவதில்லை. அதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்று வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பன்வில போனேன். அக்கா பால் இல்லாத பிளேன்டீ ஊற்றித் தந்தார். அந்தக் கையெழுத்தை இப்போது வைக்கிறேன் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே காகிதத்தை எடுத்து வந்தார். கம்பளைப் பக்கம் தோட்டம் தோட்டமாக அலைந்து பரீட்சைத் தாளில் இருந்த அந்த இன்னொரு அக்காவைக் கண்டுபிடித்திருந்தார். அந்த வீட்டிலும் முக்காலி இருந்ததில்லை. நாலு வரிக்குக் கீழே அந்த அம்மா சொன்னதைச் சேர்த்து எழுதி, வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்கியிருந்தார்.

“வழக்குக்குத் திகதி குடுத்திருக்காங்க தம்பி. வகுப்புல குடுத்தாங்கன்னு சொல்லத்தான் ஆள் இல்ல. ஆனா சேர் வந்து நிப்பாரு, அவரு பேரு வெளிய வரும், ஒங்க பேரும் வரும். யோசிச்சு வைங்க.”

பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது. கைநாட்டுக்குப் பக்கத்தில் கையெழுத்து வைத்தேன்.