பொத்துவில் பஸ்ஸில் அம்மா

அந்த முறை என்னைக் கூட்டிப்போக யாரும் கட்டுநாயக்கவுக்கு வரவேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

பலாங்கொடைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வெளிநாட்டிலிருந்து ஒருத்தி திரும்புகிறாள் என்றால் வேன் பிடித்து, லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் ஏறிக்கொண்டு விமான நிலையத்துக்கு வந்துவிடுவார்கள். எனக்கும் முன்பு அப்படித்தான் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் சில மாதம் வீட்டில் இருந்துவிட்டு, அதே வேனில் திரும்ப ஏறி, வளைகுடா நகரத்து ஹோட்டலின் சலவை அறைக்கே போய்ச் சேர்ந்தேன். வெள்ளைத் துணிகளை அயர்ன் பண்ணுவதுதான் அங்கே என் வேலை.

இந்த முறை நான் முதலில் வீட்டுக்குப் போவதாக இல்லை. என் தங்கையும் அவள் புருஷனும் அறுகம்பே கடற்கரையோரத்தில் ஒரு சின்னச் சமையலறையை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அலையில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களுக்குக் காலைச் சாப்பாடு போடுகிற கடை. சீசன் தொடங்கப் போகிறது, நீ வந்தால்தான் கதவைத் திறப்பேன் என்று தங்கை பிடிவாதமாக இருந்தாள்.

எப்படிப் போவது என்பதில்தான் தகராறு. "அக்கா, கார் புடிச்சி வந்துரு. ஹைவேல வந்தா மத்தியானச் சோத்துக்கு இங்க இருப்ப," என்று அவள் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். வெளியே வரும் மண்டபத்தில் டாக்சி கவுண்டரில் இருந்தவரும் அதையேதான் சொன்னார். பக்கத்தில், ஆளுயரத்துக்கும் மேலான உறையில் சறுக்குப் பலகையைச் சுமந்துகொண்டு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் அவள் நண்பனும் நின்றார்கள். அவர்களும் அறுகம்பேக்குத்தான். நீயும் எங்களோடு வந்தால் வேனைப் பகிர்ந்துகொள்ளலாம் என்றாள் அந்தப் பெண். வேன் கதவு திறந்தே இருந்தது, உள்ளேயிருந்து குளிர் வந்தது. இரவெல்லாம் விமானத்தில் தொங்கவிட்டதில் என் கால்கள் வீங்கியிருந்தன. ஒரு நிமிடம் மனசு அந்தப் பக்கம் சாய்ந்தது உண்மைதான்.

ஆனால் அந்தப் பாதை தெற்கே இறங்கிச் சுற்றிக்கொண்டு போகிறது. பலாங்கொடையைத் தொடுவதே இல்லை. கொழும்பிலிருந்து, அறுகம்பேக்குப் பக்கத்து ஊரான பொத்துவிலுக்குப் போகும் பஸ் அப்படியல்ல. இரத்தினபுரி வழியாக வந்து பலாங்கொடை ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் நிற்கும். அங்கே வந்தால் பார்க்கலாம் என்று முதல் நாள் அம்மாவிடம் போனில் சொல்லியிருந்தேன்.

"பஸ் நிக்கிற நேரத்துல என்னத்தப் பாக்குறது? நீ மகளா, பார்சலா?" என்று கேட்டுவிட்டு அம்மா போனை வைத்துவிட்டாள். வருகிறேன் என்று சொல்லவில்லை.

நான் பஸ்ஸில் போகிறேன் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். எவ்வளவு நேரமாகும் என்று கேட்டாள். பொழுது பூராவும் என்றேன். பாவம் என்பதுபோல் என் தோளைத் தட்டிவிட்டு வேனில் ஏறினாள்.

கொழும்புக்கு வந்து, புறக்கோட்டையில் பொத்துவில் பஸ் பிடித்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பெல்மதுளை தாண்டியதும் அம்மாவுக்கு எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பலாங்கொடை ஸ்டாண்டில் டிரைவர் தேத்தண்ணி குடிக்க இறங்கிப் போனார். நான் கழுத்தை நீட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடினேன். கோபத்தில் வராமலே இருந்துவிட்டாளோ என்று திரும்பவும் போனை எடுத்தேன்.

அதற்குள் அம்மா பின்கதவால் ஏறி எனக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற ஊதாச் சேலை, கையில் துணிப்பை.

"எறங்கு," என்றாள். அதுதான் முதல் வார்த்தை.

"அம்மா, நான்தான் சொன்னேனே..."

"சொன்ன. வீட்டுக்கு வந்து ஒரு வாய் சோறு தின்னுட்டு நாளைக்கிப் போ. கடல் எங்கயும் ஓடிறாது."

"தங்கச்சி காத்துக்கிட்டு இருக்காம்மா."

"அப்ப நான் காத்துக்கிட்டு இல்லையா?"

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பையிலிருந்து பொதியை எடுத்து என் மடியில் பிரித்தாள். சோறு, பருப்பு, பொரித்த கருவாடு. "தின்னு. பாத்துட்டு எறங்கிக்கிறேன்."

நான் பாதி சாப்பிடுவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. பதறி எழுந்தேன். அம்மா என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "சோத்துக் கையோட எந்திரிக்காத. பம்பஹின்னையில எறங்கித் திரும்பிக்கிறேன்."

கண்டக்டர் பம்பஹின்னைக்கு டிக்கட் கிழித்தான். அங்கே பல்கலைக்கழகப் பிள்ளைகள் கூட்டமாக ஏறினார்கள். இந்த நெரிசலில் எப்படி இறங்குவது, பெலிஹுல்ஓயாவில் இறங்குகிறேன் என்றாள். பெலிஹுல்ஓயா வந்தபோது நான் ஹோட்டல் கதை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன், முடித்துவிட்டுப் போகிறேன் என்றாள். கண்டக்டர் ஒவ்வொரு முறையும் வந்து நின்றான். ஒவ்வொரு முறையும் அடுத்த ஊருக்கு டிக்கட் வாங்கினாள்.

ஹல்துமுல்லையை நெருங்கும்போதுதான் அம்மா கேட்டாள், என்னைப் பார்க்காமல். "இந்தத் தடவையும் திரும்பப் போயிருவியா?"

"போகக் கூடாதுன்னுதான்மா நேரா கடைக்குப் போறேன். வீட்டுக்கு வந்தா சும்மா இருப்பேன். சும்மா இருந்தா யாராச்சும் ஏஜென்சிக்காரனக் கூட்டிட்டு வருவாங்க. நானும் சரின்னுருவேன்."

ஜன்னலுக்கு வெளியே, மலை சட்டென்று முடிந்து, கீழே தட்டையான காட்டுநிலம் கண்ணுக்கு எட்டியவரை கிடந்தது. அம்மா முன்பு ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்காக ஹல்துமுல்லை வரை வந்திருக்கிறாள். அதற்கு அந்தப் பக்கம் அவள் போனதே இல்லை.

பெரகலையில் கண்டக்டர் திரும்ப வந்தான். "அம்மே, மெத்தன பஹினவாத?" இங்கேயாவது இறங்குவீர்களா என்று சிங்களத்தில் கேட்டான்.

"தவ டிக்கக் யமு, மல்லி," என்றாள் அம்மா. இன்னும் கொஞ்சம் போவோம் தம்பி என்று.

பக்கத்து சீட்டுக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். கண்டக்டரும் சிரித்தான். அவனுக்குத் தெரிந்த தமிழில், "அம்மா பொத்துவில்தானே?" என்றான்.

அம்மா என்னைப் பார்த்தாள். சின்னப் பிள்ளை அனுமதி கேட்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. "வரட்டுமா?" என்றாள்.

"வாங்கம்மா."

உடனே போனை எடுத்துப் லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரியை அழைத்தாள். "கோழியப் புடிச்சி அடைச்சிரு. நான் மகளோட போறேன்." எங்கே என்று அவள் கேட்டிருக்க வேண்டும். அம்மா பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "கடலுக்கு!"

கொஸ்லந்தையின் வளைவுகளில் அம்மா என் தோளில் தூங்கினாள். மொனராகலையில் தேத்தண்ணி குடித்தோம். லாகுகலைக் காட்டில் யானையைத் தேடினாள், ஒன்றும் தென்படவில்லை. பொழுது சாயும் நேரத்தில் பொத்துவிலில் இறங்கியபோது, த்ரீவீல் ஆட்டோவோடு காத்திருந்த தங்கை முதலில் என்னைப் பார்த்துக் கையசைத்தாள். பிறகு எனக்குப் பின்னால் இறங்கிய ஊதாச் சேலையைப் பார்த்து, "அய்யோ அம்மா!" என்று ரோட்டிலேயே ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் மூவரும் கடலுக்குப் போனோம். அம்மா வெகுநேரம் மணலில் நின்று சறுக்குப் பலகைக்காரர்களையே பார்த்தாள். "ஏன் இப்படி விழுந்து விழுந்து எந்திரிக்குதுங்க? யாரும் கூலி குடுக்குறாங்களா?"

"இல்லம்மா. அதுங்களுக்கு ஆசை."

"நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

இரண்டு நாளில் திரும்புவதாகச் சொன்ன அம்மா அந்த சீசன் முடியும்வரை இருந்தாள். ரொட்டி அவள் பொறுப்பு, தேங்காய்ச் சம்பல் தங்கையுடையது, சாமான் வாங்கி வருவது அவள் புருஷனுடையது, முட்டையும் கணக்குவழக்கும் வாடிக்கையாளரோடு பேசுவதும் என்னுடையது. எல்லா நாளும் கூட்டம் வராது. மழை மாதங்களில் கடையைச் சாத்திவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவோம். அங்கே ஏஜென்சிக்காரர் ஒருமுறை வரத்தான் செய்தார். நான் வாய் திறக்குமுன் அம்மா அவரிடம், "அவளுக்கு வேல இருக்குங்க," என்று சொல்லித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

இந்த வருஷம் கடைக்கு முன்னால் கூரை இறக்கி இன்னும் இரண்டு மேசை போடப் போகிறோம். தச்சுவேலை பாஸ் நாளை மேசைக்குப் பலகை கொண்டுவருகிறார். மேசைக்கு என்ன நிறம் அடிப்பது என்று அம்மாவுக்கும் தங்கைக்கும் காலையிலிருந்து சண்டை நடக்கிறது.