துரைசானி கேட்ட முட்டைப் பணியாரம்

மருமகள் ஆர்.எஸ்.புரத்து பேக்கரியிலிருந்து ஒரு டப்பா வாங்கி வந்தாள். "கீஷுன்னு பேருங்க அத்தை, வெள்ளைக்காரங்க முட்டைப் பணியாரம். உள்ள எறா வெச்சிருக்குதுங்க" என்றாள். மூடியைத் திறந்ததும் வெண்ணெயும் முட்டையும் இறாலும் கலந்து ஒரு வாசம் வந்தது பாருங்கள், அடி ஆத்தா, எங்கோ போய்விட்டேன்.

ரெண்டாவது யுத்தம் முடிந்த சமயம். பீளமேட்டில் ஒரு மில் துரையின் பங்களாவில் எனக்கு வீட்டு வேலை. துரைசானிக்கு மசக்கை. என்னைவிடச் சின்னவள், பாவம், பச்சைத் தண்ணீர்கூடத் தங்காது. முந்தின பிள்ளை வயிற்றிலேயே போயிருந்தது. இதுவும் போய்விடக் கூடாதென்று தினமும் சாமிக்கு வேண்டிக்கொள்வேன்.

மசக்கைக்காரி ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். வெள்ளைக்காரப் பிள்ளைக்கு மட்டும் காது இல்லையா? "என்ன வேணும்னு கேளுங்கண்ணா" என்று சமையற்காரர் அந்தோணி அண்ணனை நச்சரித்தேன். அவருக்குத்தான் இங்கிலீஷ் வரும்.

துரைசானி கேட்டது அவள் அம்மா செய்யும் பண்டமாம். மாவைக் கிண்ணம்போல் தட்டி, முட்டையும் பாலும் அடித்து ஊற்றி, கடல் இறால் போட்டுச் சுடவேண்டும். கோயமுத்தூரில் கடலுக்கு எங்கே போக?

"கோழிக்கோட்டு ரயில்ல வர்ற எறா போத்தனூர் வாரதுக்குள்ள நாறிப்போகுது அம்மணி" என்றார் அண்ணன்.

"சந்தையில கருவாட்டு எறா இருக்குதுங்களே. ஊறப்போட்டு அலசிப்போட்டாப் போதுமுங்க."

"ஊடு பூரா நாறும். தொரை நம்ம ரெண்டு பேரையும் வேலைய உட்டே முடுக்கிருவாரு!"

சொன்னாரே தவிர, மைதாவில் வெண்ணெய் போட்டுப் பிசைந்தார். இரும்புச் சட்டிக்குக் கீழே கனல், மூடிமேலும் கனல். முட்டைக் கவிச்சி போக மஞ்சள், சின்ன வெங்காயம், மிளகு எல்லாம் என் உபயம். என் கை சும்மா இருக்குமா? கருவாட்டு வாசம் பங்களா வாசல் கேட் வரைக்கும் போனது. துரை மூக்கில் கைக்குட்டையோடு வந்து நின்றார். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

துரைசானி ஒரு வாய் வைத்தாள். வாந்தி பிடிக்கக் கும்பாவோடு நான் பக்கத்திலேயே நின்றேன். வரவில்லை. துண்டு முழுக்கத் தின்றாள். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். "உங்கம்மா செஞ்சாப்லயே இருக்குதான்னு கேளுங்கண்ணா" என்றேன். இல்லவே இல்லை என்று தலையாட்டிக்கொண்டே இன்னொரு துண்டுக்குத் தட்டை நீட்டினாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. துரை கைக்குட்டையை எடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பையன் நல்லபடியாகப் பிறந்தான். நடை பழகுவதற்குள் துரைக்குச் சீமைக்கே திரும்பிப் போக உத்தரவு வந்துவிட்டது. பங்களா இருந்த இடத்தில் இப்போது கம்ப்யூட்டர் கம்பெனி. அந்தோணி அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர்கள் கிளம்பின அன்றைக்கு ரயில் ஊதும்வரை பையன் என் இடுப்பில்தான் இருந்தான். அவன் பேர் என் வாயில் நுழையாது; கண்ணு என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். இன்றைக்கு அவன் எங்கே இருக்கிறான் என்று விசாரிக்கக்கூட என்னிடம் ஒரு பேர் இல்லை.