டைமிங் பெல்ட்டையும் மாற்றச் சொன்னவர்

பென்னாகரத்தில் என் காரின் கூலன்ட் ஒழுக்கைச் சரிசெய்த மெக்கானிக்கின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஒல்லியான, நரைத்த மீசைக்காரர். ஒவ்வொரு முறையும் பேசுவதற்கு முன்னால் கையைத் துணியில் அழுத்தித் துடைத்துக்கொள்வார்.

"வாட்டர் பம்ப்லதாங்க ஒழுகுது, மாத்திடறேன். ஆனா டைமிங் பெல்ட்டும் வெடிப்பு விட்டிருக்குது. அறுந்தா இன்ஜினே போயிடுங்க."

"இப்போதைக்கு ஓடாதுங்களா?"

"ஓடலாங்க. வண்டில யாரு போறாங்க?"

வாரத்தில் மூன்று நாள் அப்பாவை டயாலிசிஸுக்குத் தருமபுரிக்கு அழைத்துப் போகிறேன் என்றேன். மறுநாளும் போக வேண்டும். பெல்ட்டோ சேலத்திலிருந்து வர இரண்டு நாளாகும்.

அவர் கையைத் துடைத்தார். "அப்ப மாத்தாம வண்டியக் குடுக்க மாட்டேங்க. நாளைக்கு என் வண்டில போலாம்."

சொன்னபடி காலையில் வந்தார். ஆஸ்பத்திரியில் யாரிடமும் விசாரிக்காமல் எங்களுக்கு முன்னே நடந்து டயாலிசிஸ் வார்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளிருந்து வந்த நர்ஸ் அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"எப்படியிருக்கீங்கண்ணா? பாத்து நாளாச்சு."

அவர் தலையை மட்டும் அசைத்தார். அப்பாவுக்கு முடியும்வரை நான்கு மணி நேரமும் வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முன்பு யாரை இங்கே கூட்டி வந்தார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.